வீட்டு வேலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? ஆட்களைக் கணக்கில் வைத்து அட்டவணை போடும் முறை

முதல் முறையாக வீடு கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், மேஸ்திரியிடம் லேபர் கான்ட்ராக்ட் விட்டு, சிமெண்டும் கம்பியும் தானே வாங்கிப் போட்டு, வேலைக்கும் போய்க்கொண்டே வீட்டையும் கட்டி முடிக்க நினைப்பவர்களுக்கு. இன்ஜினியர் ஒரு அட்டவணை கொடுத்திருப்பார். அஸ்திவாரம் இத்தனை நாள், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரை இத்தனை நாள், மேல்தளம், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று அழகாக இருக்கும். மூன்றாவது மாதத்திலேயே அந்தத் தாளுக்கும் நடப்புக்கும் சம்பந்தம் இருக்காது.

இதற்கு மழை, மணல், லாரி என்று காரணம் சொல்வார்கள். அவையும் உண்டுதான். ஆனால் நின்றுபோன ஒரு சைட்டில் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரியும். வேலை நடந்த நாட்களில் வேலை சுமாரான வேகத்தில்தான் நடந்திருக்கும். நாட்கள் கரைந்தது ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில். ஒருவர் முடித்துவிட்டார், அடுத்தவர் வரவில்லை. அடுத்தவர் வந்தார், டைல்ஸ் வாங்கவில்லை. டைல்ஸ் வந்தது, அவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் வேலைக்கு நாள் குறிப்பதைவிட, இந்த நடுவிடங்களுக்கும் அங்கே நிற்கும் மனிதர்களுக்கும் திட்டம் போடுவதுதான் முக்கியம். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிகள்.

1. சிமெண்டின் நாளையும் ஆளின் நாளையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் யார் சொன்னாலும் குறையாத நாட்கள். கான்கிரீட் விஷயத்தில் இவை இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கின்றன. ஐஎஸ் 456 என்ற விதிப்படி, சாதாரண ஓபிசி சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். இப்போது பலரும் வாங்கும் பிபிசி போன்ற கலப்பு சிமெண்ட் என்றாலோ, வறண்ட வெயில் காலம் என்றாலோ குறைந்தது 10 நாள். கலப்பு சிமெண்டுக்கு அதை 14 நாள் வரை நீட்டலாம். தளத்துக்குக் கீழே கொடுத்த முட்டுகளைப் பொறுத்தவரை, தாங்கும் சுவர்களுக்கு நடுவே தளத்தின் அகலம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். முட்டுக்கான இந்த நாட்களெல்லாம் ஓபிசி சிமெண்டுக்குச் சொன்ன குறைந்தபட்சம். வேறு சிமெண்ட் என்றால் கூடும். முட்டுகளை எப்போது பிரிக்கலாம் என்பதை உங்கள் இன்ஜினியர் சொல்லட்டும்.

தாமதமாகிவிட்ட சைட்டில் முதலில் வெட்டப்படுவது இந்த நாட்கள்தான். ஆட்களிடம் இழந்த நாளை சிமெண்டிடம் வசூல் செய்யப் பார்ப்பார்கள். "ரெண்டு நாள் முன்னாடியே பிரிச்சிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பார் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங்காரர், அவருடைய பலகை அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்பதால். இந்தப் பத்தியில் உள்ள எண்ணைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். பேரம் பேச அதில் இடம் கிடையாது.

இரண்டாவது பத்தியில் ஆட்கள் வந்து செய்ய வேண்டிய வேலைகள். இனி பேசப் போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

2. எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு வரும் பதில் ஒன்று ஆசையாக இருக்கும், இல்லை பயமாக இருக்கும். வேலையைப் பிடிக்க நினைக்கும் மேஸ்திரி குறைத்துச் சொல்வார். பிற்பாடு திட்டு வாங்கக் கூடாது என்று நினைப்பவர் கூட்டிச் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்பது இருவருக்குமே நோக்கமல்ல. எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மனித மனம் கற்பனை செய்கிறது. வழக்கமாக என்ன ஆகிறது என்பதை அது எடுத்துப் பார்ப்பதில்லை.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இந்தப் பிசகுக்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். கனடாவில் 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை எண்ணிலேயே காட்டியது. ஆய்வேடு எழுதும் உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று வந்தது. எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு சுமார் 49 நாள். உண்மையில் எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். 'எல்லாம் கெட்டுப்போனால்' என்று அவர்களே யோசித்துச் சொன்ன கணக்கைவிட நிஜம் மோசமாக இருந்தது. இத்தனைக்கும் அது அவரவர் எழுதும் ஆய்வேடு. இன்னொரு ஆள் வருவதற்காகக் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "மேஸ்திரி, நீங்க கடைசியா முடிச்ச வீடு எது? அங்க பூச்சு எப்ப ஆரம்பிச்சீங்க, எப்ப முடிஞ்சது?" என்று கேளுங்கள். முடிந்தால் அந்த வீட்டுக்காரரையே போய்ப் பாருங்கள். வீடு கட்டியவர்கள் இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதில்லை, காபி கொடுத்து உட்கார வைத்துச் சொல்வார்கள். இரண்டு மூன்று வீடுகளின் தேதி கிடைத்தால் போதும், இன்ஜினியரின் தாளைவிட அது நம்பகமானது.

நம் வீடு அவர்கள் வீட்டைவிடச் சின்னது, நாம் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்று மனம் உடனே ஆரம்பிக்கும். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இரண்டாவது கேள்வி, ஆளையும் நாளையும் சேர்த்துக் கேட்பது. "பூச்சுக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் தினமும் வருவாங்க? அத்தனை பேரும் இடையில நிக்காம வந்தா எத்தனை நாள்?" என்று கேட்டால் 15 நாள் என்று சொன்னவரே 9 நாள் என்பார். அந்த 9-ஐ எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் 6 நாள் என்ன என்றும் கேட்டுவிடுங்கள். ஆள் கிடைப்பது, வேறு சைட்டில் ஒரு சின்ன வேலை, ஒரு கல்யாணம் என்று உண்மை வெளியே வரும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் உதவும்.

3. ஒவ்வொரு வேலையிலும் ஒளிந்திருக்கும் உபரி நாளை ஒன்றாகச் சேருங்கள்

ஒவ்வொருவரும் தங்கள் வேலைக்குள் சில நாட்களைப் பாதுகாப்புக்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றால், மொத்த வீடும் சீக்கிரம் முடிய வேண்டுமே, ஏன் முடிவதில்லை? மூன்று காரணங்கள்.

நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் அவசரப்பட்டு ஆரம்பிப்பதில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு படிக்கும் மாணவனின் பழக்கம்தான் இது. கிரிட்டிக்கல் செயின் என்ற திட்டமிடும் முறையை 1997-இல் முன்வைத்த எலியாஹு கோல்ட்ராட் இதற்கு மாணவர் நோய் என்றே பெயர் கொடுத்தார். அடுத்து, கொடுத்த நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும். 1955-இல் எகனாமிஸ்ட் இதழில் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து எழுதிய கட்டுரையிலிருந்து பிரபலமான விதி இது. கட்டட வேலைக்கும் அப்படியே பொருந்துகிறது. மூன்றாவதுதான் ரொம்ப மோசம். தாமதம் அடுத்தவருக்குப் போய்ச் சேரும், மிச்சமான நாள் சேராது. பூச்சு வேலை நான்கு நாள் முன்பே முடிந்தாலும் டைல்ஸ்காரர் தான் சொன்ன தேதிக்குத்தான் வருவார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் அவர் வேறு வீட்டில் இருக்கிறார். பூச்சு நான்கு நாள் தாமதமானால் மட்டும் டைல்ஸ் தானாகவே நான்கு நாள் தள்ளிப்போகும்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு வேலைக்கும் இடைவிடாமல் செய்தால் ஆகும் நாளை மட்டும் அட்டவணையில் போடுங்கள். பூச்சுக்கு 9 என்றால் 9 மட்டும். சிமெண்டின் நாட்களை அப்படியே வையுங்கள். இப்போது ஆட்களின் நாட்களை மட்டும் தனியாகக் கூட்டி, அதில் பாதியை ஒரே மூட்டையாகக் கட்டிக் கடைசியில், கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வையுங்கள். ஆட்களின் வேலை 90 நாள் என்றால் 45 நாள் இருப்பு. கோல்ட்ராட் சொன்னதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஒரே மூட்டை என்று சொன்னாலும், அதில் ஒரு வாரத்தை மட்டும் பிரித்துத் தளம் போடும் நாளுக்கு முன் வைப்பது நல்லது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

இந்த இருப்பை மேஸ்திரியிடம் மறைக்க வேண்டாம். மறைத்தால் அவரும் மறைப்பார். "9 நாள்ல முடியலன்னா கோபப்பட மாட்டேன், பொது இருப்புல இருந்து எடுத்துக்கலாம். ஆனா லேட் ஆகும்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிடணும்" என்று பேசிவிடுங்கள். தாமதத்துக்குத் திட்டினால் அடுத்த முறை அவர் நாளைக் கூட்டிச் சொல்வார். திட்டினால் வேலை வேகமாகும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம்.

4. கைமாறும் இடம்: தளம் போடும் நாள்

வீட்டு வேலையில் எத்தனையோ கைமாறல் உண்டு. ஆனால் தளம் போடும் நாளைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அன்று காலை ஆறு மணிக்குக் கலவை மிஷின் ஓட வேண்டும் என்றால் அதற்கு முன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்? சென்ட்ரிங் பலகையும் முட்டும். அதன் மேல் கம்பி கட்டும் வேலை. கம்பிக்கு நடுவே எலக்ட்ரீஷியனின் பைப்பும் ஃபேன் பெட்டியும். பாத்ரூம் இருக்கும் இடத்தில் பிளம்பரின் குழாய்த் துளைகள். சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், தண்ணீர். கான்கிரீட் போடும் குழு. எல்லாவற்றையும் பார்த்து சரி என்று சொல்ல இன்ஜினியர்.

ஐந்து பேர் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நல்லவர்கள், பத்தில் எட்டு முறை சொன்ன நாளில் முடிப்பவர்கள். ஐந்து பேரும் ஒரே நாளில் தயாராக இருக்கும் வாய்ப்பு என்ன? எண்பது சதவீதம் என்று மனசு சொல்லும். பெருக்கிப் பாருங்கள், 33 சதவீதம்தான் வரும். மூன்றில் ஒரு முறை. ஒவ்வொருவரும் பத்துக்கு ஒன்பது என்று உயர்ந்தாலும் 59 சதவீதம். யாருமே சோம்பேறி இல்லாமல், யாருமே ஏமாற்றாமல், தளம் தள்ளிப்போவதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் அந்த ஒரு வாரத்தைத் தளத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னேன்.

சரி, என்ன செய்வது? பத்து நாள் முன்பு ஒரு முறை, மூன்று நாள் முன்பு ஒரு முறை, முந்தின நாள் மாலை ஒரு முறை என ஒவ்வொருவருக்கும் மூன்று போன். இதில் கேட்கும் விதம் முக்கியம். நம் ஊரில் "வெள்ளிக்கிழமை வந்துடுவீங்களா அண்ணே?" என்று கேட்டால் "வந்துடறேன் சார்" என்பதுதான் பதில். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. அந்த "வந்துடறேன்" என்பதில் எண்ணம் இருக்கிறது, திட்டம் இல்லை. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்:

"இப்ப எந்த சைட்ல இருக்கீங்க? அங்க இன்னும் என்ன பாக்கி? நம்ம வேலைக்கு உங்ககூட யார் வர்றாங்க? பைப் எடுத்தாச்சா, நான் வாங்கி வைக்கணுமா?"

இந்த நான்குக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் அவர் வருவார். "அங்க நாளைக்கு முடிஞ்சிரும் சார், ஒரு ரூம்தான் பாக்கி" என்றால் வெள்ளி என்பது திங்கள் ஆகும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை, மற்ற நான்கு பேரிடம் உடனே தேதி மாற்றிச் சொல்லிவிடுங்கள். காலை ஆறு மணிக்கு வந்து நின்று வெறுங்கையோடு திரும்பிய குழு அடுத்த முறை நீங்கள் கூப்பிட்டால் எளிதில் வராது. அந்த நஷ்டம் எந்த அட்டவணையிலும் இருக்காது.

இன்னொன்று, இந்த ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். கம்பி கட்டியவர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மாட்டார், அது அவர் வேலை இல்லை. அந்தப் போனைப் போடுவது உங்கள் வேலை. வேலைக்குப் போகிறவர் என்றால் அப்பாவோ மச்சானோ யாராவது ஒருவர் இதற்குப் பொறுப்பு. இரண்டு பேர் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்று அர்த்தம்.

தளத்துக்கு அடுத்தபடி மூன்று கைமாறல்களைக் கவனியுங்கள். நிலையும் ஜன்னலும் சுவர் எழும் முன்பே தயாராக வேண்டும், தச்சரிடம் மரம் கொடுத்துவிட்டால் வேலை நடப்பதாக நினைத்துக்கொள்வோம், அவர் தொடவே இல்லாமல் இருப்பார். சுவரை வெட்டிப் பைப் பதிக்கும் வேலை பூச்சுக்கு முன் முடிய வேண்டும். பாத்ரூமில் தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்ப்பது டைல்ஸுக்கு முன்.

5. மேஸ்திரிக்கு உங்கள் வீடு மட்டும் இல்லை

மூன்று வீடுகளை ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யாத மேஸ்திரி அபூர்வம். அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டில் பணம் நின்றாலும் அவர் ஆட்களுக்கு சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும், ஒரே வீட்டை நம்பி அவர் பிழைக்க முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று வீட்டிலும் தலா 10 நாள் வேலை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் வீடு 10-ஆம் நாள், இரண்டாவது 20, மூன்றாவது 30. மூன்று பேரையும் திருப்திப்படுத்த நினைத்து ஐந்து ஐந்து நாளாக மாறி மாறிச் செய்தால்? முதல் வீடு 20, இரண்டாவது 25, மூன்றாவது அதே 30. யாருக்கும் லாபமில்லை, இரண்டு பேருக்கு நஷ்டம். சாரம் பிரித்துக் கட்டுவது, சாமான் ஏற்றி இறக்குவது, எங்கே விட்டோம் என்று தேடுவது இதில் சேர்க்கவே இல்லை.

என் வீட்டுக்கு மட்டும் வாருங்கள் என்று சொல்வதில் பயனில்லை. தலையாட்டிவிட்டுப் போவார். கேட்க வேண்டியது தொடர் நாட்கள். "இந்த வாரம் வர வேண்டாம் மேஸ்திரி, அங்கேயே முடிங்க. ஆனா 12-ஆம் தேதி இங்க வந்தா, 21 வரைக்கும் நடுவுல போகக் கூடாது" என்று சொன்னால் அவருக்கும் அது வசதி. கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.

ஒத்துக்கொண்டபின் அவர் போவதற்கான சாக்கை நீங்கள் கொடுக்காமல் இருப்பது முக்கியம். ஆட்கள் வந்து நிற்கும்போது எம்-சாண்ட் இல்லை என்றால் அரை நாள்தான் போகும் என்று நினைப்போம். போவது ஒரு வாரம். அந்த ஆட்களை அன்றைக்கே அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிடுவார், அங்கே போனவர்கள் அங்கே ஒரு கட்டம் வரும்வரை திரும்ப மாட்டார்கள். அதனால் ஒரு வேலை தொடங்கும் முன் அதற்கு வேண்டிய சாமான் மொத்தமும் சைட்டில் இருக்க வேண்டும். கட்டு கம்பி, ஆணி, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் போன்ற அற்பச் சாமானால்தான் பெரும்பாலும் வேலை நிற்கும்.

திங்கட்கிழமையையும் முழு நாளாக எண்ணாதீர்கள். சனிக்கிழமை கூலி, ஞாயிறு விடுமுறை, திங்கள் பாதிப் பேர். கான்கிரீட் போன்ற எல்லோரும் வேண்டிய வேலையைத் திங்களில் வைப்பவர்கள் தைரியசாலிகள்.

6. பணம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்

தவணை என்பது கணக்கு மட்டும் இல்லை. எந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவது என்று மேஸ்திரி காலையில் முடிவு செய்யும்போது அவர் மனதில் ஓடுவது அதுதான். முன்பணமும் பேஸ்மட்டத் தவணையும் பெரிதாக, கடைசித் தவணை சின்னதாக இருந்தால், தளம் போட்டபின் உங்கள் வீடு அவருக்குப் பாரம். லாபம் எடுத்தாகிவிட்டது, இனி செலவுதான். இந்த நிலையில் அவர் நல்லவரா கெட்டவரா என்பது பெரிய விஷயமே இல்லை.

தவணைகளைச் சின்னச் சின்னதாக, நிறையப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து முடிந்தது என்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும்: "உள் பூச்சு முடிந்து, குப்பை அள்ளி, எலக்ட்ரிக் பெட்டிகள் சுத்தம் செய்தபின்" என்பது போல. கடைசித் தவணை அவர் வந்து வாங்கிப்போக நினைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அதே சமயம், முடித்த வேலைக்கான பணம் அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும். பணம் கொடுப்பதில் இழுப்பவர் வீட்டில் வேலையும் இழுக்கும். வங்கிக் கடன் என்றால், வங்கி ஆள் வந்து பார்த்து அடுத்த தவணை விடும்வரை நாளாகும். கட்டம் முடிந்தபின் விண்ணப்பிக்காமல், முடியும் தறுவாயிலேயே வங்கியிடம் சொல்லி வையுங்கள்.

7. நீங்களும் ஒரு காரணம்

வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காத பகுதி இது. "இந்த ஜன்னலை அந்தப் பக்கம் போட்டா என்ன?" என்று சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறார். அதற்குள் சுவர் மூன்றடி எழுந்திருக்கிறது. இடிப்பது அரை நாள். ஆனால் இந்த வீட்டில் எதுவும் நிலையில்லை என்று ஆட்கள் புரிந்துகொள்வார்கள், அதன்பின் எதையும் முனைந்து செய்ய மாட்டார்கள், எப்படியும் மாற்றச் சொல்வார்கள் என்று காத்திருப்பார்கள்.

முடிவு எடுக்காமல் வேலையை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் சிட்னி ஓபரா ஹவுஸ். கூரையின் வடிவத்தை எப்படிக் கட்டுவது என்று தீர்மானமாகும் முன்பே, அரசியல் அவசரத்தில் 1959-இல் வேலையைத் தொடங்கினார்கள். பின்னால் கூரை முடிவானபோது, ஏற்கெனவே எழுப்பிய அடித்தளத் தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து மறுபடி கட்ட வேண்டி வந்தது. 1963-இல் திறப்பதாக இருந்த கட்டடம் 1973-இல்தான் திறந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சமாக முடிந்தது.

உங்கள் முடிவுகளுக்கும் ஒரு அட்டவணை போடுங்கள். ஸ்விட்ச் எங்கெங்கே என்பது தளம் போடுவதற்கு இரண்டு வாரம் முன். சமையல் மேடை உயரமும் சிங்க் இருக்கும் இடமும் பைப் பதிக்கும் முன். டைல்ஸ் தேர்வு பூச்சு ஆரம்பிக்கும் நாளுக்குள், ஏனென்றால் பிடித்த டிசைன் கடையில் இல்லாமல் வரவழைக்க வேண்டி வரும். குடும்பத்தில் யார் சொல்வது கடைசி வார்த்தை என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். டைல்ஸ் கலரில் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போக மூன்று வாரம் ஆன வீடுகள் உண்டு, அந்த மூன்று வாரத்துக்கும் பழி மேஸ்திரி மேல்தான்.

8. நாட்காட்டியில் வேலை செய்யாத நாட்கள்

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளிப்பூச்சும் வெளிப்பெயிண்டும் அங்கே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் பலர் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், நடக்கும் வேலை நடக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் ஆட்கள் விடுமுறை முடிந்த மறுநாளே திரும்புவதில்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் தேர்தலுக்கும் போனால் பயணத்தையும் சேர்த்து வாரக்கணக்கில் எண்ண வேண்டும்.

இதில் பலர் கவனிக்காதது கிரகப்பிரவேச நெரிசல். மார்கழியில் வைக்க மாட்டோம், ஆகவே எல்லோருக்கும் தை மாதம் வேண்டும். அப்படியென்றால் மார்கழி முழுவதும் ஊரில் உள்ள எல்லாப் பெயிண்டரும் எல்லா டைல்ஸ்காரரும் எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வேண்டும். தை முகூர்த்தம் என்றால் பெயிண்டரிடம் ஐப்பசியிலேயே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள்.

9. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு கேள்வி

எவ்வளவு முடிந்திருக்கிறது என்று கேட்காதீர்கள். தொண்ணூறு சதவீதம் என்பார், அடுத்த வாரமும் தொண்ணூறு சதவீதமாகவே இருக்கும். "இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கி?" என்று கேளுங்கள். போன வாரம் 6 என்றார், இந்த வாரம் 5 என்கிறார் என்றால் ஒரு வாரத்தில் ஒரு நாள் வேலைதான் நடந்திருக்கிறது. அதில் சண்டைக்கு இடமே இல்லை. வரும் வித்தியாசத்தை இருப்பு மூட்டையிலிருந்து கழித்து நோட்டில் எழுதிவிடுங்கள். பாதி வீடு முடியும் முன்பே பாதிக்கு மேல் இருப்பு தீர்ந்துவிட்டால் அப்போதே பேச வேண்டும், கடைசியில் இல்லை.

ஆரம்பத்தில் ஒரு முறை இதையும் செய்யலாம். உளவியலாளர் கேரி க்ளைன் சொன்ன முறை. மேஸ்திரி, இன்ஜினியர், வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, "வீடு ஆறு மாதம் தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், ஏன் ஆயிற்று?" என்று ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். தாமதமாகுமா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு கேட்டால் கொட்டும். மேஸ்திரியின் மகள் கல்யாணம் சித்திரையில் என்பது அப்போதுதான் தெரியவரும்.

தாமதமானபின் ஆளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். தாமதமான மென்பொருள் வேலையில் புதிதாக ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி நிறுவனமான ஐபிஎம்மில் பணியாற்றிய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் எழுதினார். வீட்டு வேலையில் அது பாதி உண்மை. வெளிச்சுவர் பெயிண்டுக்கு நான்கு பேருக்குப் பதில் எட்டுப் பேர் வந்தால் வேகமாகும். ஒரு பாத்ரூம் டைல்ஸுக்கு இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளுக்கு நிற்க இடம் இருக்காது, மட்டமும் இருவரிடமும் வேறு வேறாக வரும்.

10. பத்திரிகை அடிக்கும் முன்

கிரகப்பிரவேசத் தேதியை முதலில் குறித்துவிட்டு அதற்கேற்ப வேலையை ஓட்டுவதே நம் வழக்கம். தேதி இருந்தால்தான் வேலை நகரும் என்பதும் உண்மை. ஆனால் தேதி தாண்டியதும் அந்த வேகம் அன்றோடு நின்றுவிடும். மாடிப்படிக் கைப்பிடி, சன்ஷேட் பூச்சு, காம்பவுண்ட் கேட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வீடுகளில் அந்த வேலைகள் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. சாப்பாடு போட்டு, வேட்டி துண்டு கொடுத்து அனுப்பியபின் மேஸ்திரிக்கு அது முடிந்த வீடு.

ஆகவே முகூர்த்தத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பத்திரிகையை மட்டும் எல்லாத் தரையிலும் டைல்ஸ் ஒட்டி முடித்தபின் அடிக்கக் கொடுங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர் நான்கு பேரையும் ஒன்றாக வீட்டுக்குள் நடக்க வைத்து, அறை அறையாகப் பாக்கி வேலையை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு பெயர், ஒரு தேதி, பிடித்து வைக்கும் தொகை. அந்தத் தாளின் நகலை நான்கு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு வரியும் முடிய முடிய அதற்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.